பூவரசங் கதியால்

போன ஆவணியில் எங்கள் ஊர்க் கோயில் ஐயர் ஒரு தீர்த்தச் செம்பைப் பழைய வேட்டித் துண்டில் சுற்றிக்கொண்டு வந்தார். "தம்பி, இது உங்கட பெரியப்பா செய்து தந்தது. கை தவறி விழுந்து அடியில ஒரு சின்ன வெடிப்பு. காஸ் வெல்டிங் செய்யிற இடத்தில குடுத்தோம். இப்ப கோலத்தைப் பாருங்கோ" என்றார்.

அவிழ்த்துப் பார்த்தேன். விழுந்ததால் வந்த வெடிப்பு அரை விரல் நீளம்கூட இல்லை. ஆனால் காஸ் சுவாலை பட்ட இடம் முழுக்க, கோடையில் வற்றிய குளத்தின் அடிமண் மாதிரி, மயிரிழை மயிரிழையாய் வெடித்துக் கிடந்தது. நகத்தால் சுண்டினேன். நல்ல செம்பு கணீரென்று சத்தம் போடும். இது உடைந்த ஓட்டைத் தட்டினது போல 'டொக்' என்றது.

ஐயருக்கு வெல்டிங்காரர் மேல் கோபம். அவருக்கு என்ன செம்பு என்று தெரியாது, கொடுத்தவர்களும் சொல்லவில்லை, அவரில் பெரிய பிழை இல்லை என்றேன். "அப்ப ஆரில பிழை?" என்று கேட்டார். பெரியப்பா 1993இல் அந்தச் செம்புக்குள் வேண்டுமென்றே விட்டுவைத்த கொஞ்ச ஒட்சிசன் இருக்கிறதே, அதுதான் காரணம் என்று சொன்னேன். ஐயர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, "சரி, வச்சுப் பாருங்கோ" என்று போய்விட்டார்.

அவருக்கு வாசலில் வைத்துச் சொல்லி முடிக்கக்கூடிய கதை இல்லை இது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் பேச்சில் செம்பு என்றால் தண்ணீர் மொள்ளுகிற பாத்திரம். பித்தளையில் இருந்தாலும் செம்பு, எவர்சில்வரில் இருந்தாலும் செம்பு. உலோகத்திடம் பெயரை வாங்கிக்கொண்டு, பாத்திரம் உலோகத்தைக் கைகழுவிவிட்டது. பெரியப்பாவின் பட்டறையில் அந்தச் சலுகை கிடையாது. அவர் 'செம்பு' என்றால் உருகுகிற செம்புதான். பாத்திரத்தை 'சாமான்' என்பார்.

பட்டறை என்று நான் சொல்வது கோண்டாவிலில் அவர் வீட்டுக் கோடியில் நின்ற ஒரு தகரக் கொட்டில். நடுவில் நிலத்தில் தோண்டிய உலை, அதற்கு ஒரு தோல் துருத்தி, ஒரு பட்டடைக்கல், சுவரில் தொங்கும் பத்துப் பன்னிரண்டு குறடுகள். தொழிலை அவர் இளவயதில் யாழ்ப்பாணம் கன்னாதிட்டிப் பக்கம் ஒருவரிடம் பழகினாராம். "பேரிலேயே கன்னார் இருக்கினம் பார்" என்று (கன்னார் என்றால் செம்பு, பித்தளை வேலை செய்பவர்கள்) அந்த இடப்பெயருக்கு அவர் ஒரு விளக்கமும் வைத்திருந்தார்.

நான் அங்கே ஒட்டிக்கொண்டது 1993இல். கரண்ட் போய் மூன்று வருடம். ஜாம் போத்தலுக்குள் மண்ணெண்ணெய் விட்டுத் திரி போட்டுப் படித்த காலம். சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதியைச் சுற்றி டைனமோவில் ரேடியோ கேட்ட காலம். நிலக்கரி வராது, சிரட்டைக் கரிதான். செம்பு எங்கிருந்து வந்தது என்றால், வேலையில்லாமல் கிடந்த மோட்டர்களின் வயிற்றிலிருந்து. மின்சாரம் இல்லாத ஊரில் எரிந்த மோட்டரை யார் திருத்துவார்கள்? சுருள் சுருளாய்க் கம்பி வந்து விழும். அதை உருக்கி வட்ட வில்லைகளாய் வார்த்து, காய்ச்சிக் காய்ச்சி அடித்து, தாம்பாளம், தீர்த்தச் செம்பு, உத்தரணி என்று செய்வார்.

வில்லையை அடித்துப் பாத்திரம் எழுப்புவது என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாம் அதில்தான் இருக்கிறது. வார்த்த வில்லை அடிக்கு இளகிக் கொடுக்க வேண்டும். விளிம்பு கிழிந்தால் அவ்வளவும் வீண். கிழியும் வில்லையைப் பெரியப்பா "இது அடிபடாது" என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவார். ஏன் அடிபடாது என்று கேட்டால், "குடிச்சிட்டுது" என்பார். எதைக் குடித்தது என்று சொல்லமாட்டார்.

அது குடித்தது காற்றை. செம்பு 1085 பாகையில் உருகும். உருகிய செம்பு ஒட்சிசனை உள்ளே இழுக்கும்; தண்ணீர் சீனியைக் கரைப்பது போலக் கரைத்து வைத்திருக்கும். ஆறும்போதுதான் சிக்கல். திண்மச் செம்பில் ஒட்சிசனுக்கு இடம் கிட்டத்தட்ட இல்லை. அதனால் அது செப்பொட்சைட்டாய்ப் பிரிந்து, செம்பு மணிகளுக்கு (உலோகத்தின் நுண்ணிய படிகங்களுக்கு) இடையே உள்ள எல்லைகளில் போய் உட்காரும். செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் நடுவே சுண்ணாம்புச் சாந்துக்குப் பதில் வெறும் மணலை வைத்துக் கட்டின சுவர் எப்படி நிற்கும்? அதேதான். அடித்தால் மணி மணியாய்ப் பிரியும்.

பித்தளைக்கு இந்தத் தொல்லை இல்லை. அதிலுள்ள நாகம் (துத்தநாகம்) தனியே என்றால் 907 பாகையிலேயே கொதிக்கும், பித்தளை உருகும்போதும் ஆவியாய்க் கிளம்பும். ஒட்சிசனையும் முந்திக்கொண்டு பிடித்துவிடும். குத்துவிளக்கு வார்க்கிறவர்கள் பலர் தனிச் செம்பென்றால் கையெடுத்துக் கும்பிட்டு விலகுவது இதனால்தான். கலப்பில்லாத செம்பு பார்க்கச் சாது. வார்க்கத் தொடங்கினால் தெரியும்.

அப்படியானால் காற்றுப் படாமல் உருக்கினால் போதாதா? நானும் அந்த வயதில் அப்படித்தான் கேட்டேன். போதாது. மோட்டர்க் கம்பியோடு ஈயப் பற்று வரும், இரும்புத் துணுக்கு வரும், அரக்கு எரிந்த கரி வரும். அவற்றைப் போக்க ஒரே வழி, முதலில் வேண்டுமென்றே காற்றுப் படவிடுவது. ஒட்சிசன் செம்பைவிட இரும்பையும் நாகத்தையும் ஈயத்தையும் ஆசையோடு பிடிக்கும், பிடித்ததும் அவை கசடாய் மேலே மிதக்கும், வழித்து எடுக்கலாம். துணிக்குச் சவர்க்காரம் போடுகிற மாதிரி. அழுக்குப் போக அது வேண்டும். ஆனால் சவர்க்காரத்தோடேயே துணியைக் கொடியில் போட முடியாதே. அலச வேண்டும். அந்த அலசலுக்குத்தான் பூவரசங் கதியால்.

யாழ்ப்பாணத்துக்கு வெளியே உள்ளவர்களுக்கு: கதியால் என்பது வேலிக்கு நடுகிற பச்சைத் தடி. பூவரசு, கிளுவை, முருங்கை எல்லாம் நடுவோம். நட்டது துளிர்த்து வேலியே மரமாகிவிடும். பெரியப்பா வேலியில் கைத்தடி மொத்தத்தில் நேரான பூவரசங் கொப்பாய்ப் பார்த்து, அன்றைக்கு வேண்டியதை அன்று காலையில் வெட்டுவார். கிளுவையில் பிசின், கூடாது. முருங்கை தண்ணீரைக் குடித்து வைத்திருக்கிறது, செம்புக்குள் வைத்தால் துப்பும் என்பார். காய்ந்த தடியா? "அது விறகு" என்பார்.

நான் முதலில் அதை ஒரு சடங்கென்று நினைத்தேன். உலை மூட்டுமுன் திருநீறு போடுவது போல இதுவும் ஏதோ ஒன்று என்று. ஏனென்றால் அவர் அதைச் செய்த விதம் அப்படி இருந்தது. மூசையில் (உருக்கும் பாத்திரத்தில்) செம்பு உருகி, கசடு வழித்து, மேலே கனன்ற சிரட்டைக் கரியைப் போர்வை மாதிரிப் பரப்பி (கரி ஈரமாய் இருக்கக்கூடாது, அதில் மட்டும் ஏச்சு விழும்), அப்புறம் கதியாலின் நுனியை உலை விளிம்பில் கொஞ்சம் காட்டி வெதுப்பி, மெல்ல மெல்ல உள்ளே இறக்குவார்.

இறக்குவது என்று எழுதிவிட்டேன். உண்மையில் அமுக்க வேண்டும். செம்புக்குத் தண்ணீரைப்போல எட்டு மடங்கு பாரம். ஆறு கிலோ உருகிய செம்பு முக்கால் லீற்றர் இடத்துக்குள் அடங்கிவிடும். அதற்குள் மரத்தடியைச் செருகினால் அது வெளியே தள்ளிக்கொண்டு வரும். கையில் அந்தத் துடிப்புத் தெரியும்: பச்சைச் சாறு நீராவியாகிக் கிளம்ப, மரம் வெந்து வாயுவாய் உடைய, தடி முழுக்க நடுங்கும். செம்பு 'களக் களக்' என்று பெரிய பானையில் கஞ்சி கொதிக்கிற மாதிரிக் கொதிக்கும். கரிப் போர்வைக்கு மேலே மஞ்சள் சுவாலை நாக்கு நீட்டும், ஓரத்தில் பச்சை. பெரியப்பா சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு, வெறும் காலோடு, ஒரு முழத் தூரத்தில் நிற்பார். இன்றைக்கு என் மாணவன் ஒருவன் அப்படி நின்றால் வகுப்பை விட்டே துரத்துவேன்.

கொஞ்ச நேரம் கழித்துத் தடியை எடுத்து வைத்துவிட்டு, நீள இரும்புக் கரண்டியால் ஒரு வாய் செம்பு மொண்டு, செங்கல்லில் குடைந்த சிறு குழியில் ஊற்றுவார். புளியங்கொட்டையைவிடக் கொஞ்சம் பெரிது. அதைப் 'பொத்தான்' என்போம். எல்லோரும் அந்தப் பொத்தானையே பார்ப்போம். சிவந்து, மங்கி, மேலே தோல் படரும். நடுவில் குழி விழுந்தால் தடி மறுபடி உள்ளே போகும். ஆறியதும் உளியால் பாதி வெட்டி, குறட்டால் மடித்து ஒடித்து, உள்முகத்தையும் பார்ப்பார். செங்கல் நிறத்தில் சொரசொரப்பாய் இருந்தால் இன்னும் ஆகவில்லை. போகப் போக நிறம் வெளுத்து, மணி நுணுகி, கடைசியில் பட்டுச்சேலை மடிப்பு மாதிரி ஒரு மினுக்கம் வரும். பொத்தான் மேலே மட்டமாய் நிற்கும். "காணும்" என்பார். தடி போய்விடும். உடனே வார்ப்பு.

காணும் என்றால் எங்களுக்குப் போதும் என்று அர்த்தம். சோறு போடும்போது சொல்கிற அதே சொல்.

நான் கெடுத்த நாளைச் சொல்கிறேன். மூசையில் செம்பு, பெரியப்பா கையில் தடி, துருத்தியில் அண்ணை (பெரியப்பாவின் மூத்த மகன்). ஒரு பொத்தான் ஊற்றியாயிற்று, நடுவில் சின்னக் குழி. அந்த நேரம் வானத்தில் சகடைச் சத்தம். அந்தக் குண்டுவீச்சு விமானத்துக்கு ஊரார் வைத்த பெயர். எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்க்கப் பெரியப்பா தடியை என் கையில் தந்துவிட்டு வெளியே போனார். "கொஞ்சம் பிடி" என்றார். நான் பிடித்தேன். தடி கரைந்து குட்டையாகிவிட்டது, அடுத்ததை எடுத்தேன். அது கொதித்த அழகில் மூன்றாவதையும் எடுத்தேன். ஒட்சிசன் கெட்டது, தடி அதை எடுக்கிறது, ஆகவே கூட எடுத்தால் கூட நல்லது. பதினாறு வயதுக் கணக்கு. காணும் என்று சொல்ல ஆளில்லை.

சகடை பலாலிப் பக்கம் திரும்பிப் போயிற்று. பெரியப்பா வந்தார், அவசரத்தில் பொத்தான் ஊற்றாமல் நேரே அச்சுகளில் வார்த்தார். அவர் அப்படிச் செய்து நான் பார்த்தது அந்த ஒருமுறைதான். முதல் வில்லை இறுகத் தொடங்கியதும் நடுவில் ஒரு கொப்புளம். பிறகு அது அப்பத்தின் நடு மாதிரி எழும்பியது. அப்புறம் தோல் வெடித்து உள்ளேயிருந்து செம்பு புழுப் புழுவாய்ப் பிதுங்கி விளிம்பைத் தாண்டியது. ஆறு வில்லையும் பொங்கின. வெட்டிப் பார்த்தால் உள்ளே பாண் துண்டு மாதிரி ஓட்டை ஓட்டை.

பெரியப்பா என்னை ஏசவில்லை. எத்தனை தடி என்று மட்டும் கேட்டார். மூன்று என்றேன். அண்ணைதான் சிரித்துச் சிரித்துத் துருத்தியில் விழுந்தார்.

இதற்கு விளக்கம் எனக்குக் கிடைக்க ஏழு வருடம் ஆயிற்று. இடையில் 1995 ஒக்டோபர் கடைசியில் ஊரே எழும்பி நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. பட்டடைக்கல்லைத் தூக்க முடியாமல் கிணற்றடியில் புதைத்துவிட்டுப் போனோம். அடுத்த வருடம் திரும்பி வந்தபோது கல் இருந்தது, கொட்டில் இல்லை. அதற்குப் பிறகு பெரியப்பா பெரிதாய் உருக்கவில்லை. நான் மொறட்டுவையில் பொருளியல் (காசுப் பொருளியல் இல்லை, உலோகம், மட்பாண்டம், பிளாஸ்டிக் பற்றிய பொறியியல்) படிக்கப் போனேன். ஒரு பிற்பகல் விரிவுரையாளர் கரும்பலகையில் 'போலிங்' என்று எழுதி, உருகிய செம்புக்குள் பச்சை மரக்குற்றியைச் செருகி ஒட்சிசனை எடுக்கும் முறை என்றார். நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவர் 300 தொன் உலையைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்கு முன்னால் முக்கால் லீற்றர் மூசை.

கதை ஒன்றுதான், அளவுதான் வேறு. தாதுவிலிருந்து வரும் கொப்புளச் செம்பில் கந்தகம் மிச்சம் இருக்கும். காற்றை ஊதி அதை எரித்துப் போக்குவார்கள். அது முடியும்போது செம்பில் 0.6 சதவீதம் அளவுக்கு ஒட்சிசன் ஏறியிருக்கும். பிறகு அலசல். முன்பெல்லாம் முழு மரங்களையே உலைக்குள் தள்ளினார்கள். இப்போது பெரும்பாலும் இயற்கை வாயுவோ டீசலோ குழாய் வழியே அடியில் ஊதப்படுகிறது. மரமோ வாயுவோ, வேலை செய்வது அதிலிருந்து வரும் ஐதரசனும் காபனோரொட்சைட்டுமே. ஒன்று ஒட்சிசனைப் பிடித்து நீராவியாகும், மற்றது காபனீரொட்சைட்டாகும். குமிழிகள் செம்பைக் கலக்கிக் கொண்டேயிருக்கும், அதனால் அடியில் உள்ளதும் மேலே வந்து அகப்படும். மின்பகுப்புக்குப் போகிற செம்பென்றால் 0.15 சதவீதம் மட்டில் நிறுத்திவிடுவார்கள். நேரே அடித்து நீட்டுகிற செம்பென்றால் 0.03, 0.04 வரை இறக்க வேண்டும்.

பெரியப்பாவின் ஆறு கிலோவுக்கு இதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். 0.5 சதவீதத்தில் தொடங்கினால் உள்ளே 30 கிராம் ஒட்சிசன். 0.03இல் நிறுத்தினால் மிச்சம் 2 கிராமுக்கும் குறைவு. ஒரு தேக்கரண்டிச் சீனியில் பாதி. எடுக்க வேண்டிய 28 கிராமுக்குக் கணக்குப்படி பத்துப் பதினொரு கிராம் காபன் போதும். ஆனால் தடி முழம் முழமாய்ப் போகும், ஏனென்றால் பெரும்பாலான வாயு யாரையும் சந்திக்காமலே மேலே வந்து எரிந்துவிடுகிறது. கடைசிக் கிராம்களுக்குத்தான் அதிக தடி. ஒட்சிசன் குறையக் குறைய அதைத் தேடிப்பிடிப்பது கடினம்.

அங்கேதான் என் மூன்று தடியின் குற்றமும் இருக்கிறது. செம்புக்குள் ஒட்சிசனும் ஐதரசனும் துலாவின் இரண்டு முனைகள். ஒன்று தாழ மற்றது எழும்பும். ஒட்சிசன் நிறைய இருக்கும்போது வருகிற ஐதரசன் உடனே நீராவியாய் ஓடிவிடும், தங்காது. ஒட்சிசன் மிகவும் குறைந்த பிறகும் தடியைப் பிடித்துக்கொண்டிருந்தால், ஐதரசனுக்குக் கூட்டாளி கிடைக்காது. அது செம்பிலேயே கரைந்து தங்கும். செம்பு இறுகும்போது திண்மத்துக்குள் இரண்டுக்கும் இடமில்லை. கடைசித் துளித் திரவத்தில் நெருக்கப்பட்டு, மிச்ச ஒட்சிசனோடு சேர்ந்து நீராவியாய், தனியே ஐதரசனாய், குமிழி விட்டுக்கொண்டு கிளம்பும். அதுதான் பொங்கின வில்லை. பெரியப்பா நேரத்துக்கு வந்திருந்தால் திருத்தியிருக்கலாம்: கரியை ஒதுக்கி, கொஞ்ச நேரம் காற்றுப் படவிட்டால் துலா திரும்பும்.

சரி, அப்போ குழி? இறுகும்போது செம்பு 4, 5 சதவீதம் சுருங்கும். ஒட்சிசன் கூடி ஐதரசன் இல்லாத பொத்தானில் குமிழியே வராது. சுருக்கம் அப்படியே குழியாய்த் தெரியும். தடி அளவாய்ப் பிடித்த பொத்தானில் கண்ணுக்குத் தெரியாத சிறு குமிழிகள் வரும், எவ்வளவு வருமென்றால் சுருக்கம் எவ்வளவோ அவ்வளவு. இரண்டும் ஈடாகி மேல் மட்டமாய் நிற்கும். அந்த மட்டம் சுத்தத்தின் அடையாளம் இல்லை. இரண்டு குறைகள் ஒன்றையொன்று சரிக்கட்டியிருக்கின்றன என்பதற்கான அடையாளம். இதை விளங்கிக்கொண்ட அன்று நான் விடுதிக்குப் போகாமல் மொறட்டுவையிலிருந்து கடற்கரை வரை நடந்தேன். புளியங்கொட்டை அளவுப் பொத்தானில் ஒரு மனிதர் இரண்டு வாயுக்களின் சமநிலையைக் கண்ணால் வாசித்துக்கொண்டிருந்திருக்கிறார், இரண்டின் பெயரும் தெரியாமல்.

வேல்சில் சுவான்சிப் பக்கத்து உலைக்காரர்களும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் இதையேதான் செய்தார்கள். கரண்டியில் மொண்டு, ஆறவிட்டு, அடித்து, ஒடித்துப் பார்ப்பது. தடி போதாத செம்பை 'வறண்டது' என்றார்கள். அளவாய் வந்ததை 'டஃப் பிட்ச்' என்றார்கள். அந்தப் பெயர் இன்றைக்கும் மின்கம்பிச் செம்புக்கு நிற்கிறது. அவர்கள் 'வறண்டது' என்றார்கள், பெரியப்பா 'குடித்தது' என்றார். நேரெதிர்ச் சொற்கள், ஒரே நோய். எனக்குப் பெரியப்பாவின் சொல்தான் சரியாய்ப் படுகிறது.

கொஞ்ச ஒட்சிசனை விட்டுவைப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. செம்பில் கரைந்திருக்கும் இரும்பு போன்ற அசுத்தங்கள் சிறிதானாலும் மின்சாரத்தை மறிக்கும். மிச்ச ஒட்சிசன் அவற்றைப் பிடித்து ஒட்சைட்டாக்கி ஒதுக்கிவிடுவதால் மின்சாரம் தடையின்றிப் போகும். 1913இல் செம்பின் கடத்துதிறனுக்கு ஒரு சர்வதேச அளவு வைத்து அதை 100 என்றார்கள். இன்றைய நல்ல கம்பி அதைத் தாண்டி 101க்கு வருகிறது. அதற்குள் அந்த 0.03 சதவீத ஒட்சிசனும் இருக்கிறது.

ஆனால் அதற்கு ஒரு விலை. ஐயர் கொண்டுவந்த செம்பில் அதுதான் நடந்தது.

மணி எல்லைகளில் செப்பொட்சைட்டுப் பொட்டுகள் சும்மா உட்கார்ந்திருக்கும், நூறு வருடமானாலும் தொந்தரவு இல்லை. அந்தச் செம்பைச் செஞ்சூடாக்கி ஐதரசன் உள்ள சுவாலையைக் காட்டினால் கதை மாறும். ஐதரசன் அணு மிகச் சின்னது. திண்மச் செம்புக்குள்ளேயே நடந்து போகும். போய் ஒட்சைட்டைத் தொட்டதும் அங்கேயே நீராவி. நீராவி மூலக்கூறு பெரிது, வந்த வழியால் திரும்ப முடியாது. மூடின குக்கர் மாதிரி அமுக்கம் ஏறி, எல்லையைப் பிளந்துவிடும். அசெற்றலீன் சுவாலை ஐதரசன் நிறைந்தது. ஒரு வெடிப்பை மூடப்போய் நூறு வெடிப்பு. பெரியப்பா அடிக்கும்போது இதையே எத்தனை தடவை காய்ச்சியிருப்பார்! ஆனால் நன்றாய்க் காற்றுப்பட்ட உலர்ந்த கரித்தணல். கரியிலிருந்து வரும் காபனோரொட்சைட்டால் திண்மச் செம்புக்குள் நுழைய முடியாது.

இப்போது கடையில் விற்கும் ஏசிக் குழாய்க்கு இந்த வெடிப்பு வராது. அதில் ஒட்சிசனைப் பொசுபரசு போட்டு முழுதாய் எடுத்திருப்பார்கள். பொசுபரசு கலந்த செம்புத் துண்டைக் கொஞ்சம் போட்டால், அது ஒட்சிசனைப் பிடித்துக்கொண்டு கசடாய் மேலே வந்துவிடும். தடியும் வேண்டாம், புகையும் வேண்டாம். ஆனால் மிஞ்சுகிற பொசுபரசு 0.04 சதவீதம் இருந்தாலே கடத்துதிறன் 80க்கும் கீழே இறங்கிவிடும். குழாய்க்குக் கவலையில்லை, கம்பிக்கு ஆகாது. தீர்த்தச் செம்புக்கு மின்சாரம் எதற்கு? புத்தியுள்ளவன் பொசுபரசுதான் போடுவான். நான் மாணவர்களுக்கும் அதைத்தான் சொல்லிக்கொடுக்கிறேன்.

ஐயருக்கு போன் எடுத்தேன். இதை ஒட்ட முடியாது, வெட்டி உருக்கித்தான் ஆகவேண்டும், உருக்கினால் உள்ளே உள்ள வெடிப்பு, நீராவி எல்லாம் போய்விடும் என்றேன். "அப்ப அதே செம்புதானே?" என்றார். அதேதான், கூடக் கொஞ்சம் கம்பி சேர்ப்பேன் என்றேன். "பெரியப்பா செய்த மாதிரியே செய்யுங்கோ" என்று வைத்துவிட்டார். பொசுபரசுப் பொதியை மேசை லாச்சிக்குள் திரும்பப் போட்டேன்.

பூவரசங் கதியாலுக்கு அலைந்ததுதான் பெரிய வேலை. கோண்டாவிலில் இப்போது எங்கும் மதில். வேலி இருக்கிற வீட்டைத் தேடி நாலாம் ஒழுங்கை வரை போனேன். ஒரு ஆச்சி, "எதுக்கு மேனே, ஆட்டுக்குக் குழையோ?" என்று கேட்டார். செம்பு உருக்க என்றதும், தடி வெட்டித் தருமுன் குழையை உருவித் தன் ஆட்டுக்குப் போட்டுவிட்டார். எட்டுக் கதியால்.

உலை இப்போது காஸ், துருத்திக்குப் பதில் புளோவர், எனக்கு முகக்கவசமும் தோல் ஏப்ரனும் சப்பாத்தும். வெப்பமானி 1160 என்று காட்டியது. இவ்வளவு இருந்தும் பொத்தானுக்கு வேறு வழியில்லை. முதல் பொத்தான் குழி. ஒரு கதியால் போயிற்று. இரண்டாவது பொத்தானிலும் குழி, கொஞ்சம் ஆழம் குறைவு. இன்னொரு தடி. மூன்றாவது பொத்தான் மட்டமாய் நின்றது, அல்லது நின்றது போல இருந்தது. விளிம்போரம் லேசாய் எழும்பினதா என்று குனிந்து பார்த்தேன். மகள் புளோவரைப் பிடித்துக்கொண்டு, "காணுமோ அப்பா?" என்றாள். இன்னும் அரைத்தடி பிடித்துவிட்டு வார்த்தேன்.

நாலு வில்லை. மூன்று நன்றாய் அடிபட்டன. அவற்றில் ஒன்று இப்போது செம்பாய்க் கோயிலில் இருக்கிறது. காஸ் சுவாலை கிட்டவும் கொண்டுபோகக்கூடாது, வெடித்தால் என்னிடம் கொண்டுவர வேண்டும், வெள்ளீயப் பற்று வைத்துத் தருவேன் என்று ஐயரிடம் இரண்டு தடவை சொல்லியிருக்கிறேன். நாலாவது வில்லையை அடிக்கும்போது ஐந்தாம் அடியிலேயே விளிம்பில் ஒரு பொக்களம் வாயைத் திறந்தது. கடைசி அரைத்தடியின் வேலை. அதை வெட்டி மறுபடி மூசைக்குள் போட்டிருக்கிறேன். கொட்டிலில் ஐந்து கதியால் மிச்சம் சாத்தியிருக்கிறது, நுனியில் ஏற்கனவே தோல் சுருங்கத் தொடங்கிவிட்டது. இந்தச் சனிக்கிழமைக்குள் உருக்காவிட்டால் விறகுதான்.